மலர்க்கொடி அடித்த கடிதங்கள்

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு மரியாதை கொடுத்ததுபோல் ஆகிவிடும். அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, அரைத்து, ரயிலேற்றி அனுப்புகிற கம்பெனி என்றால் போதும். நான் அங்கே தபால் பிரிவில் கிளார்க். வருகிற கடிதங்களில் தேதி முத்திரை குத்துவது, போகிற கடிதங்களை ரிஜிஸ்தரில் ஏற்றி உறையில் போட்டு ஒட்டுவது. இருபத்தொன்பது வருஷம் ஒட்டினேன். சொல்லும்படி என்னிடம் ஒன்றும் இல்லை. இது மலர்க்கொடியைப் பற்றியது.

அவள் 1976-ல் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தாள். சொந்த ஊர் குரும்பலூர். அப்பா நல்லுசாமியும் அம்மா ரெங்கம்மாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தே வயசாகிப் போனவர்கள். இவள் பி.யு.சி. முடித்து, பெரம்பலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இங்கிலீஷும் தமிழும் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். வேலைக்கான உத்தரவு வந்ததும் நல்லுசாமி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டினாராம். எந்தப் பண்ணைக்காரர் வீட்டு வாசலில் முப்பது வருஷம் நின்றபடி பேசினாரோ, அந்தப் பண்ணைக்காரர் கடிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முதல்முறையாக, "உக்காருப்பா" என்றாராம். நல்லுசாமி உட்காரவில்லை. உட்காரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எல்லோரிடமும் சொன்னார்.

கம்பெனி வேலை என்றால் அந்தக் காலத்தில் அப்படி. தலைக்குமேல் ஃபேன், முன்னால் மேஜை, கழுத்தில் அடையாள அட்டை. உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பர்சனல் மேனேஜர் வேணுகோபால் மெட்ராஸ்காரர். டிக்டேஷன் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பது வாரம் நாலு கடிதத்திலாவது வரும். அந்தக் குடும்பம் மூன்று இடத்தில் சாப்பிட்டது. ஆபீசர்களுக்கு மேஜைவிரிப்புப் போட்ட அறை. எங்களுக்குப் பெஞ்சு. கல் உடைக்கிறவர்களுக்கு லாரி நிழல், லாரி கிளம்பிவிட்டால் அதுவும் கிடையாது.

வாசலில் யோசனைப் பெட்டி என்று ஒன்று வைத்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை மலர்க்கொடியிடம் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் அதைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியலாக அடித்துத் தர வேண்டும். அரவை மெஷின் பக்கம் குடிதண்ணீர் வேண்டுமென்று மாதாமாதம் பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். வேணுகோபால் பட்டியலில் ஒரு டிக் அடித்து ஃபைலில் போடச் சொல்வார். இரண்டாவது வருஷம் ஒரு முடிவு எடுத்தார்கள். தண்ணீர் வரவில்லை. பாதுகாப்பு வாரத்துக்குச் சிறந்த வாசகம் எழுதுகிறவருக்குப் பரிசு என்று அறிவிப்பு வந்தது. பரிசு வாங்கியது வேணுகோபாலின் பி.ஏ. வாசகத்தை எழுதியது வேணுகோபால்.

1979-ல் மலர்க்கொடிக்கு 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் கொடுத்தார்கள். ஃபிரேம் போட்டது. அதை அடித்ததும் அவளேதான். தன் அயராத உழைப்பைப் பாராட்டித் தானே நாலு வரி அடித்து, காப்பி எடுத்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டு வந்து, சாயங்காலம் மேடையில் ஏறி வாங்கிக்கொண்டாள். நான் கை தட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த ஒன்பதாம் பக்கம். மாதாமாதம் மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷில் பதினொரு பக்க அறிக்கை போகும். ஒருநாள் உறையில் போடப்போன நேரத்தில் மலர்க்கொடி என் மேஜைக்கு வந்து, "ஒட்டறதுக்கு முன்னாடி ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்க, சின்னதுரை சார்" என்றாள். நடுவில் ஒரு வரி: இந்த மாதம் இந்த அலுவலகத்தில் யாருக்கும் பயன்படும்படியான ஒரு வேலையும் நடைபெறவில்லை. கீழே வேணுகோபாலின் கையெழுத்து, சுழித்து, புள்ளி வைத்து. வேலை போய்விடும் என்றேன். படித்தால்தானே போகும் என்றாள். ஒட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை கிடைத்தது, மிகவும் திருப்தி, இதேபோல் தொடர்ந்து செயல்படவும். நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாலு வருஷமா நான் அடிச்சதெல்லாம் இப்படித்தானே சார் போயிருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

படிக்கப்படாத கடிதம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அமாவாசை என்ற தொழிலாளியின் விஷயத்தில்தான் கடிதங்கள் வேலை செய்தன.

அமாவாசை அரவை மெஷினில் கல் தள்ளுகிற ஆள். 1981 ஆவணியில் பெல்ட்டில் கை மாட்டி வலதுகையில் மூன்று விரல் போய்விட்டது. பெல்ட்டுக்குக் கூண்டு இல்லை. கூண்டு வேண்டுமென்று யோசனைப் பெட்டியில் ஆறு சீட்டு வந்ததை மலர்க்கொடியே பட்டியலில் அடித்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அமாவாசை, கேட்டில் வாட்ச்மேனாகவாவது போடுங்கள் என்று கேட்டார். விசாரணை வைத்து முடிவு சொல்வோம் என்றார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை. பதினேழாம் தேதி காலையில் வேணுகோபால் மலர்க்கொடியை அழைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கேள்விகளைச் சொன்னார். அமாவாசை சொல்லப்போகும் பதில்களையும் சொன்னார். தீர்ப்பையும் சொன்னார். தொழிலாளி குடித்திருந்தார், அவருடைய கவனக்குறைவே காரணம், நீக்கப்படுகிறார். அன்றைக்கே அது ஒப்புதலுக்காக மெட்ராஸ் போனது. தேதி போட்டு ரிஜிஸ்தரில் ஏற்றி ஒட்டியது நான்.

பத்து நாள் கழித்து அமாவாசையின் மனைவி பெரியம்மாள், இங்கிலீஷில் வந்த நீக்கல் கடிதத்தோடு கேட்டுக்கு வந்தாள். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. உள்ளே டைப் அடிக்கிற பெண் ஒன்று இருக்கிறதே, அதனிடம் காட்டு என்று வாட்ச்மேன் அனுப்பியிருக்கிறான். மலர்க்கொடி வாசல்படியில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

பெரியம்மாள் கத்தவில்லை, அழவில்லை. "குடிச்சிருந்தாருன்னா போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"எங்க வூட்டுல கள்ளுகூடத் தொட்டது கெடயாது. யாரும்மா இதை எழுதுனது?"

"சொன்னது மேனேஜரு. அடிச்சது நான்."

பெரியம்மாள் அவள் விரல்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மலர்க்கொடி அந்தக் கம்பெனியிலேயே கிடந்து ரிட்டயர் ஆகியிருப்பாளோ என்று நான் பின்னால் நினைத்ததுண்டு. திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிட்டதுபோல் இருக்கும். எனக்கு அப்படித்தான் எப்போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெரம்பலூர் இன்ஸ்டிடியூட்டில் மெஷினுக்கு முன் உட்கார்ந்து, திருச்சியில் இருக்கும் தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு பக்க மனு அடித்தாள். பதினெட்டாம் தேதி நடந்த விசாரணையின் பதிவு பதினேழாம் தேதியே அடிக்கப்பட்டது, அடித்தவள் நான் என்று எழுதி, தன் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். அதற்கு மேலே அமாவாசையிடம் வாங்கிய கைநாட்டு, இடதுகை. திங்கட்கிழமை வேலையை விட்டு விலகுவதாக ஒரே வரியில் கடிதம் கொடுத்தாள்.

வேணுகோபால் அதைத் திருத்தினார். அந்த மனுஷனுக்கு எதையும் திருத்தாமல் விட முடியாது. சொந்தக் காரணங்களுக்காக என்று சேர்க்கச் சொன்னார். கம்பெனி அளித்த வாய்ப்புக்கு நன்றி என்றும் முடிக்கச் சொன்னார். சொந்தக் காரணம் ஒன்றுமில்லை என்றாள் அவள். எங்கே போனாலும் இதே மாதிரிக் கடிதத்தைத்தான் அடிக்கப் போகிறாய், பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டார். அவள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

திருச்சியில் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்தப் பதிவு எந்தத் தேதியில் தபாலில் போனது என்று அதிகாரி கேட்டார். மலர்க்கொடி எதிரே உட்கார்ந்திருந்தாள். வேணுகோபால் என் பக்கத்தில். ஞாபகமில்லை என்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த ரிஜிஸ்தரை வாங்கி அவரே புரட்டிப் பார்த்தார். பதினேழு என்று என் கையெழுத்திலேயே இருந்தது, முத்துமுத்தாக. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தத் தேதி. அதுவும் தெரியாமல் செய்தது.

பதினொரு மாதம் இழுத்தடித்து அமாவாசையைத் திரும்ப எடுத்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. தொழிலாளியிடம் கம்பெனி காட்டிய கருணை என்று சுற்றறிக்கை வந்தது. வேணுகோபாலுக்கு மெட்ராசில் ப்ரமோஷன்.

குரும்பலூரில் மலர்க்கொடியை யாரும் மெச்சவில்லை. "ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை பாக்கக் கசக்குதா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் பேச்சில்லை. நல்லுசாமிக்குச் சட்டைப்பையில் வைத்துக் காட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. பேசி வைத்திருந்த பூலாம்பாடி மாப்பிள்ளை வீட்டார், வேலையை விட்ட பெண் நாளைக்கு எதையெதை விடுமோ என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல வேளை, அவளே அந்த இடத்தை வேண்டாமென்றுதான் நினைத்திருந்தாள்.

பெரம்பலூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளையில் சேர்ந்தாள். சுவர் முழுக்க 'உழவனின் உற்ற தோழன்'. முளைக்காத பருத்தி விதையைப் பற்றி உழவன் எழுதினால், குறை தங்கள் மண்ணில்தான் என்று தோழன் பதில் போடுவான். அந்தப் பதில் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தது. பெயரை மட்டும் அடித்தால் போதும். ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆபீஸ், மூன்று மாதம். வேணுகோபால் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

1983-ல் இன்ஸ்டிடியூட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு தமிழ் மெஷினை வாங்கிக்கொண்டு, அரியலூர் தாலுகா ஆபீஸ் எதிரில் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் ஆண்கள். அவர்களுக்குப் பெரியவர் அய்யம்பெருமாள். அவர் மனு 'மகா கனம் பொருந்திய சமூகத்திற்கு' என்று தொடங்கி, முக்கால் பக்கம் காலில் விழுந்து எழுந்த பிறகுதான் விஷயத்துக்கு வரும். சில சமயம் வராமலே முடிந்துவிடும். பொம்பளை அடித்த மனுவைத் தாசில்தார் தொடமாட்டார் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மலர்க்கொடியின் முறை வேறு. வந்தவரை எதிரே உட்கார வைத்து, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லச் சொல்வாள். அது லேசான காரியமில்லை. பத்து நிமிஷம் பங்காளிச் சண்டையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்த வரி கிடைக்கும். அதை அடித்து, உரக்கப் படித்துக் காட்டி, "இதுதானே நீங்க கேக்கறது?" என்று உறுதிபண்ணிக்கொண்டுதான் காகிதத்தைக் கையில் கொடுப்பாள். ஒரு முதியவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தான் சொன்னது அப்படியே காகிதத்தில் இருப்பதை அதற்கு முன்னால் அவர் கேட்டதில்லையாம்.

மனுக்கள் பலித்தன என்று நான் புளுக மாட்டேன். அய்யம்பெருமாளின் மனு கிடந்த அதே காகிதக் கட்டுக்குள்தான் இவளுடையதும் கிடந்தது. தாலுகா ஆபீஸ் கம்பெனிக்கு இளைத்ததல்ல. ஆனால் ஆட்கள் அவளிடம் வந்தார்கள், முக்கியமாகப் பெண்கள். மூன்று வருஷத்தில் மெஷினுக்கு மேல் தகரக் கூரை வந்தது. ரெங்கம்மாள் கூட ஒருநாள் ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமென்று வந்து வரிசையில் நின்றாளாம். மற்றவர்களைப்போலவே அவளையும் ஒரு வரியில் சொல்லச் சொல்லியிருக்கிறாள் மகள்.

ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து களை எடுக்கிற பெண்கள் சிலர் 1986-ல் வந்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வருகிற பஸ் தங்கள் தெருமுனையில் நிற்பதே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவும் மூன்று மைல் நடக்கிறோம் என்றார்கள். நாலு வரியில் மனு அடித்தாள். ஆறு மாதம் பதிலில்லை. மறுபடி அதே நாலு வரி, மேலே முதல் மனுவின் தேதியோடு. அதற்கும் பதிலில்லை. மூன்றாவது மனுவுக்குப் பிறகும் பதில் வரவில்லை, ஆனால் பஸ் அந்தத் தெருமுனையில் நின்று போகத் தொடங்கியது.

அவள் அதை நம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறினாள். லீவில் இருந்த நானும் கூடப் போனேன். தெருமுனை வந்ததும் கண்டக்டர் அலுத்துக்கொண்டே விசிலடித்தார். "எவனோ மனு மேல மனுவாப் போட்டுட்டான். இந்தப் பொட்டக்காட்டுலெல்லாம் நிறுத்தவேண்டியிருக்கு" என்றார்.

"எவனோ இல்லீங்க. நான்தான்" என்றாள் மலர்க்கொடி.

கண்டக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியை விட்டு ஒதுங்கி நின்றார். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். பின்னால் புல்லுக்கட்டோடு இன்னொருத்தி ஏறப்போக, அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மலர்க்கொடி எழுந்து நின்று டிரைவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள்.