பன்றிக்குப் பின்னால் போன சவிரிமுத்து அண்ணன்

சிலாவத்துறைத் தேநீர்க் கடையில் நான் இருந்தபோது அண்ணனின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவர் போயிட்டார்" என்றார். அதற்குமேல் அழுகைதான். பக்கத்திலிருந்தவர், "சுடப் போனவன் குத்துப்பட்டான், வேறென்ன?" என்றார். கையிலிருந்த கிளாசை அவர் காலடியில் எறிந்து உடைத்துவிட்டு எழுந்து வந்தேன். அரிப்பு ஊர்ச் சவிரிமுத்து அண்ணனை அறிந்த நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

வயலில் காட்டுப்பன்றி இறங்கினால் நாங்கள் அழைப்பது அவரைத்தான். ஒருமுறை, பயிரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நன்றி சொன்னேன். "சும்மா இருங்கோ தம்பி! உங்கட நெல்லுக்காக ஆர் வந்தது? எனக்குச் சுடுறதெண்டால் ஆசை" என்று சிரித்தார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு துவக்குடன் வந்து நிற்பார்.

பன்றி எங்கள் மார்க்கத்தில் ஹராம், தொடமாட்டோம். அதனால் சுடுவதும் அவர், இழுப்பதும் அவர். இரத்தம் சிந்திய மண்ணைக்கூட மண்வெட்டியால் வழித்து அள்ளிக்கொண்டு போவார். இறைச்சி அரிப்பில் பங்காகும்.

ஒருமுறை அவருடைய வெடி பன்றியின் பின்னங்காலைச் சிதறடித்தது. அது அலறிக்கொண்டு நெல்லுக்குள் ஓட, துரத்திப் போய்க் கோடரியால் மண்டையைப் பிளந்தார். முழங்கை வரை இரத்தத்துடன் திரும்பி வந்து, "காயப்பட்டதை விட்டிட்டு வீட்ட போகக்கூடாது. அது ஆரையாவது கிழிக்கும்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போன கிழமை வெளியூர் இளைஞர்கள் சிலர் புதுத் துவக்குகளோடு பொழுதுபோக்க வந்தார்கள். பெரிய ஆண்பன்றி ஒன்றை வயிற்றில் சுட்டார்கள். அது குடல் தொங்கப் பற்றைக்குள் நுழைந்தது. அவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். "அதைச் சுட்டு முடிச்சிட்டுப் போங்கோடா, நாசமாய்ப் போனவங்களே!" என்று அண்ணன் கத்தினார். ஒருவன் கையசைத்தான்.

புல்லுப் பிடுங்க என் மனைவியும் அயல் பெண்களும் வரும் நேரம் அது. அண்ணன் பற்றைக்குள் இறங்கினார். தடியோடு நானும் பின்னால் போனேன். வெடி கேட்டது. நெஞ்சில் சூடு வாங்கியும் பன்றி நிற்கவில்லை. அவரைச் சாய்த்து மேலே விழுந்தது. அதன் கோரைப்பல் அவர் தொடைக்குள் இறங்கியிருந்தது. அது துடிக்கத் துடிக்கச் சதை இன்னும் கிழிந்தது.

நான் குனிந்தேன். "தொடாதேங்கோ தம்பி... நானே தள்ளுறன்."

"வாயை மூடுங்கோ அண்ணன்!"

இரண்டு கைகளாலும் காதுகளைப் பிடித்து இழுத்தேன். பன்றி புரண்டது. அவருடைய இரத்தம் சூடாக என் முகத்தில் பீறிட்டது. இடுப்பில் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தில் கட்டினேன். மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நினைவில்லை, உயிர் இருந்தது; அடுத்த நாள்தான் தேநீர்க் கடையில் அந்த அழைப்பு வந்தது.

செத்த வீட்டில் அவர் மனைவி, "கடைசியாய் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். தன்னைத் தொடவேண்டாம் என்றதைச் சொன்னேன். "ஓம், அந்த மனிசன் அப்பிடித்தான்" என்று என் கைகளைப் பிடித்து அழுதார்.

மார்க்கம் சொன்னபடி மண் தேய்த்து ஏழு தரம் கழுவிய கைகள் அவை. கழுவியது பன்றியைத்தான். அண்ணனின் இரத்தத்தை நான் கழுவவில்லை.