புற்று மேட்டில் மருந்துப் பெட்டி

இர்விங் ரயில் நிலையத்தில் காலை வெயிலே சுடுகிறது. ஆபீசுக்குக் கிளம்பிய என்ஜினியர் வசந்தி, வந்த ரயிலை விட்டுவிட்டு என்னிடம் போனை நீட்டுகிறாள். மலாவியில் ஒரு கிராமத்துப் பெண்கள் நடத்தும் சுகாதாரக் குழுவுக்கு, இங்கிருந்தபடியே உதவுகிறவள் அவள்.

"வெள்ளம் வந்தா மருந்துப் பெட்டிய எங்க வைக்கணும்னு மேப் போட்டு, லேமினேட் பண்ணி அனுப்பினேன்க்கா. அவங்க சிரிச்சாங்க. கறையான் புத்து மேடுதான் சேஃப்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாட்டிலைட்ல பார்த்துட்டேன், என் இடம்தான் கரெக்ட்னு சண்டை போட்டேன்."

நேற்று அங்கே வெள்ளம். போட்டோவில் அவள் குறித்த இடம் தண்ணீருக்குள் கிடக்கிறது. புற்று மேட்டில் பெட்டி பத்திரமாக இருக்கிறது. மழை படாமல் அதன்மேல் மூடியிருப்பது அவள் மேப்.

வசந்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்கக்கா, யூஸ் ஆயிடுச்சு!"