தொடாத கை

புத்தளம் சந்தையில் மீன் வெட்டும் மக்டலின், தனக்கு யார்மீதும் பொறாமை இல்லை என்று சொல்லிக்கொள்வாள். பக்கத்துப் பலகையில் மீன் வெட்டுகிறவளிடம் கூட்டம் கூடினால் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசமாட்டாள், அது வேறு விஷயம். ஆனால் ஒரு தெருநாய்க்காக அவள் வயிறு எரிந்ததைப் போல வேறெதற்கும் எரிந்ததில்லை.

அந்தப் பெட்டை நாய் ஒருநாள் பஸ் நிலையத்துக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. கழுத்தில் பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி இறுகிக் கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டாலே, நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் புகுந்துவிடும். கம்பியை எடுக்காவிட்டால் செத்துப்போகும் என்று மக்டலினுக்குத் தெரியும். தினமும் வேலை முடிந்ததும் பாரை மீன் தலையோடு போவாள். நாய் பயந்து பயந்து கிட்ட வரும். கம்பியைப் பிடிக்க அவள் கை நீட்டியதும் பாய்ந்து ஓடிவிடும். தலவில கோயில் புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்தும் பார்த்தாள்.

ஓடுகிற நாய் எங்கே போகும்? நேரே சாஹுல் ஹமீதின் சைக்கிள் திருத்தும் கடைக்குத்தான். அவர் ஒரு துண்டு பாண் ரொட்டியைப் பிய்த்துத் தூரப் போடுவார், ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நாய் அங்கேயே சுருண்டு நித்திரை கொள்ளும். பாரைத் தலைக்கு ஓட்டம், காய்ந்த பாணுக்கு நித்திரை. இந்த அநியாயத்தை மக்டலினால் தாங்க முடியவில்லை.

கழுத்துப் புண்ணில் புழு வைத்த நாற்றம் வந்த அன்று, வீம்பை விழுங்கிக்கொண்டு, அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிட்டபடி அவரிடம் போனாள்.

"நானா, இதுக்கு என்ன வசியம் செஞ்சு வச்சிருக்கீங்க?"

"வசியமா? நாயில பட்டா எங்க மார்க்கத்துல ஏழு தரம் கழுவணும் தங்கச்சி, அதுல ஒரு தரம் மண் போட்டு. அதுக்குப் பயந்து நான் கிட்டப் போறல்ல. அவ்வளவுதான்."

தொடாமலே மயக்கிவிட்டாராம். அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அது சாகப் போகுது நானா. இண்டைக்குக் கம்பிய வெட்டோணும்."

சாஹுல் ஹமீது கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தார். பிறகு கம்பி வெட்டும் குறட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, நாயின் அருகில் நிலத்தில் உட்கார்ந்தார். நாய் நடுங்கிக்கொண்டே அவருடைய மடியில் முகத்தைப் புதைத்தது. அவர் விலகவில்லை. அதன் தலையில் கையை வைத்தார். மக்டலின் கம்பியை வெட்டினாள். கண் கம்பியில் இருந்தது, மனம் அந்தக் கையில் இருந்தது.

அவர் மண் போட்டு ஏழு தரம் கழுவும்போது தண்ணீர் ஊற்றியதும் அவள்தான்.

புண் ஆறும்வரை நாய் தன் வீட்டில் இருக்கட்டும் என்றாள். நாய் அவளோடு போனால்தானே! கடைசியில் முன்னால் சாஹுல் ஹமீது நடந்தார், அவருக்குப் பின்னால் நாய், அதற்கும் பின்னால் மருந்துப் போத்தலோடு மக்டலின். தெருவே பார்த்துச் சிரித்தது.

அவர் திரும்பிப் போனபின், நாய் வாசல் கேற்றடியில் கிடந்து அவர் போன பாதையையே பார்த்தது. மக்டலின் மீன் தலையைக் கொண்டுபோய் வைத்தாள். வழக்கம்போல் கை நீளப் பார்த்தது. கையை மடியில் பொத்திக்கொண்டு, நாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முள் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் அவள் முதுகில் ஏதோ சூடாகச் சாய்ந்தது.

அவள் அசையவில்லை. இதை சாஹுல் ஹமீதிடம் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் பார்க்க வந்துவிடுவார்.