அந்தோணிக்கு ஊற்றிய தண்ணீர்

படிப்பைப் பாதியில் விட்ட பிறகு எத்தனையோ ஊர்களில் தங்கிவிட்டேன். கதவு சாத்தியிருந்தால் தட்டாமல் திரும்பும் பழக்கம் மட்டும் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பள்ளி விட்டு வந்தால் எனக்குப் பக்கத்து வீட்டு அக்காதான். அவள் சோறு போடுவாள். நான் அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். அந்த லயத்து வீட்டு வரிசையில் நான் பேச வேறு ஆளில்லை. நாங்கள் வேதக்காரர்கள், அக்கா வீட்டில் மாரியம்மன் படம். அது எங்களுக்குள் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

அந்தத் தவக்காலத்தில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கு முந்திய ஞாயிறுதான் மறைக்கல்வி வகுப்பில் உபதேசியார் பிள்ளைகள் எங்களுக்கு அவசர ஞானஸ்நானம் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளை சாகக் கிடந்து, சாமியார் வர நேரமில்லையென்றால், யாரும் கொடுக்கலாம். பெயர் வைத்து, ஒரு வரி சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றினால் பிள்ளை நேராக மோட்சம் போகும். பிளாஸ்டிக் பொம்மையை வைத்து ஆளுக்கொரு முறை பழகினோம். தண்ணீர் இல்லாவிட்டால் பால் கலக்காத தே ஓ ஆகுமா என்று நான் கேட்டேன். ஆகாது என்றார்.

அக்காவின் குழந்தைக்கு அன்று கடுங்காய்ச்சல். மருந்து கொடுத்துவிட்டு, தண்ணீர் லோரி வருவதாகக் கேள்விப்பட்டு வாளிகளோடு ரோட்டுக்குக் கிளம்பினாள். வீட்டில் மிச்சம் ஒரே ஒரு குவளைத் தண்ணீர். பால் கலக்கக் காய்ச்சி ஆறவைத்து மூடியிருந்தாள்.

“அதத் தொட்றாதம்மா. தம்பிக்கு அதான் இருக்கு.”

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கண் மேலே செருகியது. வாசலில் நின்று கத்தினேன். எல்லாரும் லோரிக்குப் போயிருந்தார்கள். குவளையை எடுத்தேன். அந்தோணி என்று பெயர் வைத்து, மூன்று முறை ஊற்றினேன். சொட்டு மிச்சமில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. பொம்மை அழுததில்லை என்பதால் பயந்துபோனேன்.

அக்கா வெறும் வாளிகளோடு வந்தாள். நனைந்த பாயைப் பார்த்தாள். காலிக் குவளையைப் பார்த்தாள்.

“என்ன பண்ண நீ?”

“தம்பி செத்தா மோட்சத்துக்குப் போவணும்ல, அதான்க்கா.”

அவள் அடிக்கவில்லை. பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நீ போ லா. இனிமே இங்க வராத.”

மருந்தோ தண்ணீரோ, சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. அவன் இப்போது குருண் டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் இருக்கிறான். அந்தோணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான்.

எனக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. இவ்வளவு கோபமும் அந்தக் குவளைத் தண்ணீருக்காகத்தான் என்று நினைத்தேன். மறுநாள் லோரி வந்தபோது பெரியவர்களோடு முண்டியடித்து ஒரு போத்தல் பிடித்து, ஒரு வாய் குடிக்காமல், அக்கா வீட்டு வாசலில் வைத்தேன். அடுத்த நாளும் அது அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. குழாய்கள் காய்ந்தே கிடந்தன.

குறைவாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று, இன்னொரு போத்தல் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தேன்.