பீட்சா மாவில் மூன்று விரல்

உப்பிய மாவில் தானாக விரல் குழி விழுமா? எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று மாலை பீட்சாவுக்கு மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். மல்லேஸ்வரம் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுத்தால், மாவின் நடுவில் மூன்று விரல் குழிகள். போட்டோ எடுத்து வைத்தேன்.

கணவரின் அக்கா, போன மாதம் இறக்கும்வரை எங்களோடுதான் இருந்தார். எந்த மாவைப் பிசைந்து வைத்தாலும் மூன்று விரலால் அழுத்திவிடுவார். வழவழவென்று உருண்டையாக விட்டால் திதிக்குப் பிடிக்கும் பிண்டம் மாதிரி இருக்குமாம். நான் சிரிப்பேன்.

எட்டாவது கிராஸ் தெருக் கடையிலிருந்து சீஸ் வாங்கி வந்த கணவர் மாவைப் பார்த்தார்.

“நீயா அழுத்தினே?”

“இல்லீங்க. ஈஸ்ட் காத்து இறங்கியிருக்கும்.”

“ஈஸ்டுக்கு விரல் இருக்கா?”

அக்கா போனதிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறவர், நேற்று ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். சமையலறையைப் பார்த்தபடியே.

வேதியியல் தெரிந்தவர்கள் விளக்குங்கள். பேய் தெரிந்தவர்கள் வேண்டாம்.

இன்று நடந்ததையும் சேர்க்கிறேன். மறுபடியும் பீட்சா கேட்டார். மாவு குழியே இல்லாமல் உப்பியிருந்தது. அவர் ஏமாந்துபோவதைப் பார்க்க மனமில்லாமல், நானே மூன்று விரலால் அழுத்தி மூடினேன்.

அவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது உன் கை. வலப்பக்கம் சாயுது. அக்கா இடது கைக்காரி.”

நேற்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழிகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.