கொல்லைப்புறம் வரை போகும் டேப்

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு நீடாமங்கலத்தில் ரயில் ஏறினேன். மடியில் தங்கை மகளின் லேப்டாப். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது.

கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்வது என் தொழில். கட்டத் தெரியும், பேச வராது. வீடு வீடாகப் போய்ப் பேசி வேலை பிடித்தவர் என் கணவர். அவர் சிங்கப்பூர் போன பிறகு நான் தனியாகப் போன இரண்டு வீட்டு வேலையும் கைக்கு வரவில்லை. "போன்ல ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்கள் பெரியவர்கள். அன்று அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாண வீடு. அதுவும் போனால் என்னோடு பூக் கட்டும் நான்கு பெண்களுக்கும் இந்த மாதம் வேலையில்லை. லேப்டாப்பில் படம் காட்டிவிட்டு, அப்படியே தஞ்சாவூர் போய் எனக்கென்று ஒன்று வாங்குவதாகத் திட்டம். லேப்டாப்பா, பலகை மாதிரி இருக்கும் டேப்பா என்பது மட்டும் முடிவாகவில்லை.

கோவில்வெண்ணி தாண்டியதும் இருபுறமும் அறுப்பு. எதிரே இருந்தவர் என் மடியைப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலைங்களா?"

"இல்லைங்க. பூ வேலை."

அவர் மேலும் எதையோ எதிர்பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாண வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியில் லேப்டாப்பை வைத்துச் சுவரில் ஒயரைச் செருகினேன். பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுதான் கூடத்தில் நடக்கும், முடிவு கொல்லைப்புறத்தில்தான். அங்கே பெண்ணின் அத்தையும் மற்றப் பெண்களும் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கையை விட்டு எழுந்து வர மாட்டார்கள்.

"அக்காகிட்ட காட்டிடுவோம்" என்று சித்தப்பா லேப்டாப்பைத் தாம்பாளம் போல ஏந்தி நடந்தார். ஒயர் பிடுங்கிக்கொண்டது. பழைய பேட்டரி. கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது திரை கறுத்துவிட்டது.

"என்னடா, அமாவாசையைத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

"நீயே சொல்லும்மா, எப்படி இருக்கும் மேடை?"

"தாமரைங்க... வெள்ளையா... ஓரத்துல வந்து..." மீதியைக் கையால் காற்றில் வரைந்து காட்டினேன்.

"சரி, போயிட்டு வா. சொல்லி அனுப்புறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். "சாயங்காலம் திரும்ப வரட்டுங்களா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"வா, வா. எங்களுக்கு இடிச்சு முடிய அஞ்சு மணி ஆயிடும்."

தஞ்சாவூர் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. பஸ் ஊர்ந்தே போனது. "சக்கரத்துல நெல்லு அரைச்சா எனக்குப் பொங்கல் யாரு போடுவா?" என்றார் டிரைவர்.

கடையில் லேப்டாப் முப்பத்திரண்டாயிரம், டேப் பதினேழாயிரம். வாழைநாரில் காய்த்துப்போன என் விரலுக்கு டேப் அசையவே இல்லை. தேய்த்தேன், அழுத்தினேன்.

"உங்களைக் கண்டுக்கவே மாட்டேங்குதேக்கா" என்று சிரித்தது விற்கிற பெண். "லேப்டாப்பே எடுத்துக்குங்க. பட்டன் அழுத்தினா போதும், கணக்கு வழக்கும் எழுதலாம்."

அந்தப் பெண் சொன்னது நியாயம்தான். விலை குறைவு என்பதற்காக மட்டும் டேப்பை நினைத்திருந்தால் மனதை மாற்றியிருப்பேன். ஆனால் அந்த வீட்டுக் கூடமும் கொல்லையும் கண் முன் நின்றன.

"ஒயர் இல்லாம எவ்வளவு நேரம் ஓடும்?"

"டேப்பா? ஒரு நாள் ஓடும்க்கா."

"வெயில்ல தெரியுமா?"

இரண்டையும் வாசலுக்குத் தூக்கி வந்து காட்டியது. லேப்டாப்பில் என் முகம்தான் தெரிந்தது. டேப்பில் வெளிச்சத்தைக் கூட்டியதும் படம் தெரிந்தது. டேப்பையே எடுத்துக்கொண்டேன். என் போனிலிருந்த படங்களை அந்தப் பெண்ணே ஏற்றிக் கொடுத்தது.

ஐந்து மணிக்கு மறுபடியும் அம்மாப்பேட்டை. புதுப் பொருள் என்று கேள்விப்பட்டதும் பெண்ணின் அம்மா சந்தனம் குங்குமம் எடுத்து வந்து டேப்பின் முதுகில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு சரியாகக் கேமரா மேல் விழுந்தது. டேப் அவர் கையிலிருந்து சித்தப்பா கைக்கு, அங்கிருந்து கொல்லைக்குப் போனது. நான் கூடத்திலேயே காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"இது ரொம்பச் செவப்பு. மாப்பிள்ளையும் செவப்பு."

"போடி, அவன் எங்க செவப்பு!"

"இதப் பெருசாக்கு. இன்னும்... ஆங்."

காப்பி ஆறிப்போன பிறகு டேப் திரும்பி வந்தது. திரை முழுவதும் மஞ்சள் விரல் பதிவுகள். படம் படமாக நகர்த்திப் பார்த்த தடம் ஓரத்தில் லேசாக இழுபட்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு பெருவிரல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதற்கடியில் வெள்ளைத் தாமரை மேடை.

"அதேதான்" என்றார் பின்னாலேயே வந்த அத்தை. "மஞ்சள் பட்டுடுச்சேம்மா, துடைச்சுத் தரட்டுமா?"

"பரவாயில்லைங்க" என்றேன்.

இரவு ரயிலில் பக்கத்துப் பெண்மணி கேட்டார், "புதுசா? அதுக்குள்ள அழுக்காக்கிட்டீங்களே!"

அழுக்கில்லை, கல்யாண மஞ்சள் என்று ஆரம்பித்தேன். கோவில்வெண்ணி வந்தது, போனது. நீடாமங்கலத்தில் இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தேன்.