இரைச்சலைத் தொட்டுப் பார்த்த ஜுபைதா டீச்சர்

ஜுபைதா டீச்சர் மறைந்த செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து அவருடைய அண்ணன் மகன் போன் செய்தார். "நேத்தே அடக்கம் முடிஞ்சிட்டுதுங்க சார். அத்தையோட நோட்டுல உங்க நம்பரை இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றார். ரிசீவரை வைத்த பிறகு, வீட்டில் அதைச் சொல்வதற்கு யாரும் இல்லை. அதனால் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், ஓசூரில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று, தனக்குப் பழையதாகிப்போனதை நன்கொடையாகத் தந்தது. நான் புவியியல் ஆசிரியன். வேறு யாரும் கைவைக்க முன்வராததால் அது என் பொறுப்புக்கு வந்தது. பத்தாம் வகுப்பு அறையைப் பிளைவுட் பலகையால் தடுத்து, ஒரு பக்கம் வகுப்பு, மறுபக்கம் கம்ப்யூட்டர் என்று வைத்தார்கள். என் பாடவேளை போக மீதி நேரமெல்லாம் அங்கே உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல் அடித்துக்கொண்டிருப்பேன். மாவு மில்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது எப்படியோ, அப்படித்தான் இருந்தது அதன் இரைச்சல். "அணைச்சு அணைச்சுப் போட்டா கெட்டுப்போயிரும். காலையில போட்டா சாயங்காலம்தான் நிறுத்தணும்" என்பது தலைமையாசிரியரின் உத்தரவு.

மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். ஒரு நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, ஜுபைதா டீச்சர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார்.

"சார், இன்னிக்கு ஒரு பொண்ணை பீரியட் பூரா நிக்க வெச்சிட்டேன். பதில் சொல்லாம நிக்கறான்னு நெனச்சேன். அவ மூணு தடவை சொல்லியிருக்கா. பக்கத்துப் புள்ள பயந்துகிட்டே வந்து சொல்லுது."

தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "எனக்கு இடது காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. வலதும் பாதிதான். இந்த மிஷின் இல்லாதப்ப எப்படியோ சமாளிச்சேன். இப்ப முடியலைங்க" என்றார்.

அடுத்த மாதம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பாடத்தையும் பார்ப்பார். காது கேட்காதது தெரிந்தால் தன்னை வகுப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று டீச்சர் பயந்தார். கணவர் இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், மத்திகிரியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தவர் அவர். "வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல சார். இங்க அம்பது பேரு பேசறாங்க. இதையும் விட்டுட்டு எங்க போவேன்?" என்று கேட்டார். அந்த ரகசியத்தை இத்தனை நாள் காப்பாற்றிவிட்டேன். இப்போது சொல்வதை அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

முதலில் நாங்கள் செய்தது சுத்த முட்டாள்தனம். அவருடைய அண்ணன் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருந்தார். அங்கிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்றை டீச்சர் வரவழைத்தார். கம்ப்யூட்டரை அதற்குள் இறக்கி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்தோம். கேட்டவர்களிடம் தூசிக்கு என்று சொன்னோம். சத்தம் நன்றாகவே அடங்கியது. மூன்றாவது பீரியடில் திரை கறுத்தது. வைக்கோலுக்குள் கையை விட்டால் அடுப்புச் சூடு. அன்று காலை முழுதும் நான் அடித்த எட்டாம் வகுப்புப் பட்டியல் போயே போய்விட்டது. மாங்காயை வைக்கோலில் புதைப்பது சூடு வெளியே போகாமல் இருக்கத்தான் என்று இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர், பழுத்துடுச்சா? பங்கனபள்ளியா, மல்கோவாவா?" என்றார். ஆசிரியர் அறை ஒரு வாரம் சிரித்தது. டீச்சரும் கூடவே சிரித்தார்.

மரப்பெட்டியை எடுத்த மறுநாள் பாடத்தின் நடுவில், சாக்பீஸ் பிடித்த கையோடு அவர் தடுப்பில் சாய்ந்தவர், சட்டென்று உள்ளங்கையைப் பலகையில் பதித்தார். "சார், பலகை நடுங்குது! இங்க வந்து தொடுங்க." போய்த் தொட்டேன். உண்மைதான். என் இரும்பு மேஜை பலகையை ஒட்டி நின்றது. மேஜையின் நடுக்கம் பலகைக்கு ஏறி, பலகை முழுதுமே தவில் தோல்போல அதிர்ந்துகொண்டிருந்தது. மேஜையை ஒரு முழம் தள்ளிப் போட்டோம். பாதி இரைச்சல் போயிற்று.

அதன் பிறகு அதுவே எங்கள் முறையாகிவிட்டது. "நீங்க காது, நான் கை" என்பார். கம்ப்யூட்டர் பெட்டியின் தகட்டில் ஒவ்வொரு இடமாக அவர் விரலை அழுத்துவார். சத்தம் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று நான் சொல்வேன். குறைந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தபோது, விசிறியில் கம்பெனியின் கரி எண்ணெய்த் தூசி அப்பிக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். ஹார்டு டிஸ்க் திருகுகளுக்கு அடியில் வைக்கவும், பெட்டியின் நான்கு மூலைக்குக் கொடுக்கவும் சைக்கிள் டியூப் தேவைப்பட்டது. பள்ளிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த முனியப்பாவுக்கு லாரி ஹாரன் குரல். டீச்சருக்கே நன்றாகக் கேட்கும்.

"ஏன் சார், கம்ப்யூட்டருக்குப் பஞ்சரா?"

"பஞ்சர் இல்லப்பா, காத்து ஜாஸ்தி" என்றார் டீச்சர்.

நடுவில் ஒரு நாள் பொறுமையிழந்து அந்தப் பெட்டியை நான் ஓர் அறை அறைந்தேன். "அதைத் திட்டாதீங்க, அடிக்காதீங்க சார். எங்கேர்ந்து வருதுன்னு தொட்டுப் பாருங்க, அதுவே சொல்லும்" என்றார். கோபக்காரப் பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் கையாண்டார். அவரிடம் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆய்வு நாளன்று தடுப்புக்கு இந்தப் பக்கம் கீபோர்டில் விரல் வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சில் இருந்த பையன் மெல்லிய குரலில் விடை சொன்னான். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சே இல்லை. பிறகு டீச்சரின் குரல் வந்தது.

"மைனஸை எங்கடா விட்டே? பார்டர் தாண்டறப்ப ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல புடிச்சிகிட்டாங்களா?"

வகுப்பு முழுதும் சிரித்தது. பாடம் முடிந்து அதிகாரி என் பக்கம் வந்தார். பெட்டியைப் பார்த்து, "ரிப்பேரா? சத்தத்தையே காணோமே" என்றார்.

டீச்சர் ஓய்வு பெறும்வரை பத்தாம் வகுப்பை யாரும் அவரிடமிருந்து எடுக்கவில்லை. அதன் பிறகு வலது காதும் போய், கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டோடு இருந்தார். போனில் பேச வழியில்லை. எப்போதாவது பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் போனபோது, சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் இரண்டு கைகளையும் பரப்பி வைத்தார். "முழங்கையை மேஜையில ஊனிக்கிட்டுப் பேசுங்க சார். வார்த்தை தெரியாது. நீங்க பேசறது தெரியும்." மழை, முட்டிவலி, பஸ்ஸில் ஏறிய கோழிக்கூடை என்று அரை மணி நேரம் ஏதேதோ பேசினேன். அவர் கையை எடுக்கவேயில்லை.

அடுத்த மாதம் வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. முட்டிவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காதவரிடம் போய் என்ன பேசுவது என்ற கூச்சம்தான் உண்மையான காரணம். அவருக்கு வேண்டியிருந்தது எதிரே ஒருவர் பேசுவது மட்டும்தான். அது எனக்குத் தெரிந்தேயிருந்தது.

பள்ளியின் அந்தக் கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டியபோது, நான்கு மூலைக்கும் அவர் வெட்டிக் கொடுத்த டியூப் வட்டங்களைக் கேட்டு வாங்கி வந்தேன். அவை இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டரின் அடியில் இருக்கின்றன. அது ஓடுகிறதா என்று பார்க்க நானும் மேலே விரல் வைத்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை இந்த நான்கு வட்டங்களும் இந்தப் பழக்கமும்தான்.

இதை எழுதி முடித்ததும், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு ஒரு முறை உரக்கப் படித்தேன். மேஜையின் எதிர்ப்பக்கம்வரை அந்த நடுக்கம் போயிருக்கும்.